போட்டோ இல்லாதவர்களுக்கும் போட்டோ

செத்துப்போனவர்களுக்கு மூக்குத் தேடி அலைவதுதான் சில வருடங்கள் எனக்குத் தொழிலாக இருந்தது. அதற்கு முன்னால் நான் பார்த்த வேலைகளைச் சொன்னால், மூக்குத் தேடுவதே கௌரவம் என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்து, பரீட்சைக்காக நானே அடித்த சான்றிதழில் என் பெயரையே தப்பாக அடித்துப் பாஸ் ஆனவன் நான். அப்பா கறவை மாட்டை விற்று ஒரு கம்ப்யூட்டர், ஸ்கேனர், பிரிண்டர் வாங்கிக் கொடுத்தார். "மாடாவது ரெண்டு வேளை கறந்துச்சு" என்று அம்மா அந்தப் பெட்டிகளைத் தாண்டும்போதெல்லாம் சொல்வார்.

போட்டியில்லாத இடமாகப் பார்த்துக் கடை போடு என்று எல்லோரும் சொன்னதால், அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் இறங்கினேன். இரண்டாயிரத்தை ஒட்டிய காலம். மலையில் போட்டியே இல்லை. பாதி நாள் கரண்டும் இல்லை.

நான் வாடகைக்குப் பிடித்த கடையின் மறுபாதியில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். மலைச்சனம் படக்காரம்மா என்றது. நாற்பதைத் தாண்டியவர். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். அதில் இல்லாத நிறம் இல்லை. தும்மினால் கைக்குட்டையில் ஒரு நாள் நீலம் வரும், ஒரு நாள் சிவப்பு வரும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டராக இருந்த புருசனிடம் ஏர் பிரஷ் பிடிக்கக் கற்றவர். புருசன் ஒரு லாரியிலேயே ஏறி வடக்கே போய்விட்டார்; ஏர் பிரஷ் இவரோடு நின்றுவிட்டது. "நல்லதத்தான் உட்டுட்டுப் போயிருக்கான்" என்பார்.

ஏர் பிரஷ் என்பது பேனா அளவுக்கு ஒரு துப்பாக்கி. பின்னால் குழாய் வழியாகக் காற்று வந்தால் நுனியில் நிறம் புகை போலக் கிளம்பும். காற்றுக்குக் கம்ப்ரஸர் வேண்டும், கம்ப்ரஸருக்குக் கரண்டு வேண்டும். அக்கா கரண்டை நம்பவில்லை. டயர் கடையில் காற்றடித்த லாரி ட்யூப் ஒன்றை மூலையில் சாய்த்து வைத்து, அதில் குழாயைச் சொருகிக்கொண்டு ஊதுவார். என் கம்ப்யூட்டர் கண் மூடிக் கிடக்கிற நேரத்திலெல்லாம் அவர் வேலை நடந்துகொண்டே இருக்கும். நான் அந்த ட்யூபுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவேன். ஈயும் குறைவுதான், மலை குளிர்.

அக்காவிடம் ஒரு வழக்கம். தான் வரைந்தது எதையும் யாரும் "மாதிரி" என்று சொல்லக் கூடாது. பட்டறையில் இருந்தபோது ஒரு லாரியின் முதுகில் புலி வரைந்திருக்கிறார். ஓனர் வந்து பார்த்து, "பூனை மாதிரி இருக்குதேம்மா" என்றாராம்.

"புலிதானுங்க."

"இல்லம்மா, மூஞ்சியப் பாத்தா..."

"ஏனுங்க, நீங்க புலியப் பாத்திருக்கீங்களா?"

"நேர்ல பாத்ததில்ல."

"அப்பறம் என்னங்க. பாத்தவன் எவனாச்சும் வந்து சொல்லட்டும், அழிச்சுப் போடறேன்."

பார்த்தவன் யாரும் வரவில்லை. அந்த லாரி பூனையைச் சுமந்துகொண்டு எல்லா மாநிலமும் சுற்றியது. நான் இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். தான் செய்ததை ஒருவர் இவ்வளவு நம்ப முடியுமா என்று எனக்கு ஆச்சரியம். நானோ கடைக்குள் நுழையும்போதே "கம்ப்யூட்டர் வேலை செய்யுமான்னு தெரியல" என்று ஆரம்பிக்கிறவன்.

பழைய சின்னப் போட்டோவைப் பெரிதாக்கிச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டித் தருவதுதான் அக்காவின் பிழைப்பு. ஆனால் அங்கே பெரிதாக்கச் சின்னப் போட்டோவே கிடையாது. மலையில் ஒருவரைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள் என்றால் அரசாங்கத்துக்கு ஏதோ ஒரு கார்டுக்குத் தேவைப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் செத்தவர்கள் முகமில்லாமலே செத்திருந்தார்கள். மிளகு விற்க வந்தவர்கள் எங்கள் கடை வாசலில் நின்று, சட்டம் போட்ட அடுத்த வீட்டுக்காரன் அப்பனைப் பார்த்துவிட்டு, "எங்கப்பனுக்கு ஒண்ணு வேணுங்க. போட்டோ இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

அப்படிப் போன ஒருவரை அக்கா ஒரு நாள் நிறுத்தினார். அவர் கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இந்தத் தாடை அப்பனுதா, அம்மாளுதா?"

"அப்பனுதுன்னு சொல்லுவாங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"அக்கா ஒருத்தி வளப்பூர் நாட்டுல இருக்கறா. நெத்தி அப்பன் நெத்தின்னு எங்காயா சொல்லும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒன்ற பொட்டியில ஒருத்தரு நெத்தியையும் இன்னொருத்தரு தாடையையும் சேக்க முடியுமா?"

எனக்கு அதுவரை என் பெட்டியில் என்ன முடியும் என்றே தெரியாது. முடியும் என்றேன்.

அன்றைக்கு என்னிடம் கேமரா இல்லை. ஸ்கேனர் இருந்தது. அந்த மனிதரை ஸ்கேனர் கண்ணாடிமேல் முகத்தை வைத்துப் படுக்கச் சொன்னேன். விளக்கு நகர்ந்தது, அவர் சாமி கும்பிட்டார். திரையில் வந்தது மனித முகமில்லை, ஜன்னலில் அப்பிய தவளை. அக்கா பார்த்துவிட்டு, "இவங்கப்பன் லாரியில அடிபட்டா செத்தாரு?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு பிலிம் கேமரா வாங்கினோம். ரோலைக் கண்டக்டரிடம் கொடுத்தால் ராசிபுரத்தில் கழுவி மறு நாளோ மறு வாரமோ பஸ்ஸிலேயே திரும்பி வரும்.

மூத்தவன் கண், மகள் நெற்றி, தங்கச்சி தாடை என்று வெட்டி ஒட்டுவது என் வேலை. ஒட்டி முடித்தால் திரையில் இருப்பது கிழிசல் தைத்த சாக்கு. அதை அக்கா முன்னால் பிரிண்ட் எடுத்து வைப்பேன். முதல் படத்தில் அவர் நிறம் ஊதியதும் என் பிரிண்டர் மை கரைந்து, யாரோ ஒருவரின் தாத்தா மூக்கு வழியாக மேசைமேல் ஒழுகினார். அக்கா அசரவில்லை. லாரிக்கு அடிக்கிற நிறமில்லாத வார்னிஷை முதலில் பிரிண்டின் மேல் மெல்லிசாக ஊதிக் காயவிட்டு, அதன் மேல் வேலை செய்ய ஆரம்பித்தார். பழைய எக்ஸ்ரே பிலிமில் ஓட்டை வெட்டி, அதை மறைப்பாக வைத்துக்கொண்டு, மூச்சுவிடுகிற மெதுவில் ஊதுவார். நான் தைத்த தையல் ஒவ்வொன்றாகத் தோலுக்குள் போகும். கண்ணுக்குக் கீழே நிழல் வரும். மூன்று பேர் முகம் ஒரு ஆளாகி நம்மை முறைக்கும். எனக்கு அப்போதெல்லாம் லேசாகப் பயமாக இருக்கும். பயத்தை மறைக்க அந்த ஆளுக்கு வணக்கம் வைப்பேன்.

வாசலில் நான் பலகை மாட்டினேன்: "போட்டோ இல்லாதவர்களுக்கும் போட்டோ." அதற்குப் பிறகு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கடைக்குள் சண்டை நடக்கும்.

"காது அப்பனுக்கு இவ்வளவு பெருசு இல்ல."

"ஒனக்கு என்ன தெரியும், நீ அப்ப தொட்டில்ல கெடந்த."

"தொட்டில்ல கெடந்தாலும் கண்ணு தெரியும்ல?"

அக்கா யார் சொல்வதையும் கேட்கமாட்டார். நினைப்பு ஆளுக்கொன்று சொல்லும் என்பார். ஒவ்வொருவர் முகத்தையும் விரலால் தடவிப் பார்ப்பார். எலும்பு எது, சதை எது என்று பிரிப்பார். கடைசியில் படத்தைத் துணி விலக்கிக் காட்டும்போது வீட்டாரில் யாராவது "அப்பா மாதிரியே" என்று ஆரம்பித்தால் அங்கேயே வெட்டுவார்.

"மாதிரி என்னங்க மாதிரி? அவருதான் இது. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர்கள் அழுவார்கள். அந்த அழுகையைப் பார்த்த பிறகு அது அவர் இல்லை என்று சொல்ல என்னாலும் முடியாது.

ஒரு வயசான ஆயா வந்தது. புருசன் செத்து மாமாங்கம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. கூட வந்தது புருசனின் தங்கச்சி மட்டும். எங்களிடம் இருந்த மொத்தச் சரக்கும் அந்தத் தங்கச்சிதான். அவளைப் போட்டோ எடுத்து, நான் கம்ப்யூட்டரில் மூக்குத்தியைக் கழற்ற, அக்கா தாடையைக் கொஞ்சம் அகலமாக்கி ஏர் பிரஷ்ஷில் மீசை வைத்தார். படத்தைக் காட்டியபோது ஆயா வெகுநேரம் பார்த்தது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்தது மீசை வைத்த நாத்தனார்தான்.

"இன்னுங் கொஞ்சம் கருப்பு கண்ணு" என்றது ஆயா.

அக்கா அங்கேயே ஒரு நிழல் ஊதினார். ஆயா படத்தின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "எளைச்சுப் போயிட்டாரு" என்றது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. அந்த வழியாகப் போன ஒருவர் சொன்னார், அந்த வீட்டில் கிழங்கு வெந்தால் முதல் துண்டு படத்துக்குத்தானாம். விளக்கு வைத்து அன்றைய சேதியெல்லாம் சொல்லுமாம்.

வளப்பூர் நாடு என்கிற மலை வட்டாரத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். புது வீடு கட்டியிருக்கிறோம், அப்பன் படம் வேண்டும் என்றார்கள். அப்பன் செத்துப் பல வருடமாகிறது. மூத்தவர் ஆள் வாட்டசாட்டம், கூர்மையான கண். இளையவருக்கு இடித்து வைத்த பாறை போலத் தாடை.

"வேற மக்க யாரும் இல்லீங்களா?" என்று அக்கா வழக்கம்போலக் கேட்டார்.

"இல்லீங்க. நாங்க ரெண்டு பேருதான்."

மூத்தவர் கண்ணும் நெற்றியும், இளையவர் தாடையும் காதும். எங்கள் படங்களிலேயே அதுதான் அருமையாக வந்தது. நானே மயங்கி, பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூத்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பனேதானுங்க" என்றார். அக்காவுக்கு வெட்டிப் பேச வேலையே இல்லாமல் போனது.

மிளகு பறிக்கிற பருவத்தில் ஒரு இளவட்டம் கடைக்கு வந்து நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும். சப்பை மூக்கு, சின்னத் தாடை, சிரிக்காவிட்டாலும் சிரிக்கிற வாய். அந்த இருவருக்கும் தம்பி என்றான். அப்பன் இரண்டாவதாகக் கட்டிய பெண்ணின் மகன். இவன் தவழ்கிற வயதில் அப்பன் போய்விட்டார், பின்னாலேயே அம்மாவும். இத்தனை வருடம் அண்ணன்மாரின் காட்டு நிலத்தில் வேலை செய்து சாப்பிட்டவன், இப்போது தன் பங்குக் காட்டைப் பிரித்துக் கேட்டிருக்கிறான். வரும்போதே வயிற்றில் சுமந்து வந்தவள் மகன் நீ, எங்கப்பனுக்குப் பிறக்கவில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு ஊர்க்கூட்டம்.

"அதுக்கு நாங்க என்ன பண்ணணும் சாமி?" என்றார் அக்கா.

"அப்பன் படத்தக் கூட்டத்துல வெக்கறாங்களாமுங்க அக்கா. என்னையப் பக்கத்துல நிக்க வெச்சு, ஒத்துப் பாக்கறாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன்கள் முகத்தை வெட்டி அப்பன் செய்தோம். அந்த அப்பனை வைத்து மகன் யார் என்று கண்டுபிடிக்கப் போகிறார்கள். அக்காவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் தடவிக்கொண்டிருந்தார். புருவ எலும்பில் விரல் நின்றது.

"அவனுங்க ரெண்டு பேருக்கும் இதே எலும்பு" என்றார் என்னிடம். பிறகு அவனிடம், "நான் வந்து சொல்றேன், போ" என்றார்.

மறுநாள் அக்காவும் நானும் பஸ் ஏறிப் போனோம். கூட்டம் கோயில் மரத்தடியில். படத்துக்கு மாலை போட்டு நாற்காலியில் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பையனைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒருவர் குச்சியால் காட்டினார்: "கண்ணு சேரல. தாடை சேரல. காது பாரு, அது பலா எல மாதிரி, இவனுது புளியங்கொட்டை." சனம் ஆமாம் ஆமாம் என்றது. அண்ணன்மார் இருவரும் மறுபக்கம் நின்றார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க, சந்தேகமே வேண்டாம், அப்பனும் மக்களும்தான்.

நான்தான் முதலில் எழுந்தேன். "அந்தப் படம் இவங்க ரெண்டு பேரு மூஞ்சிய வெட்டி ஒட்டினதுங்க. இவங்கள மாதிரி இல்லாம வேற யாரு மாதிரி இருக்கும்?" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மலையில் எனக்கிருந்த பெயர் அப்படி. "கம்ப்யூட்டர் தம்பி வந்தாலே தமாசுதான்" என்று ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு காலம் சொன்ன பொய்க்கெல்லாம் தலையாட்டியவர்கள் முதல் உண்மைக்குக் கை தட்டினார்கள்.

பிறகு அக்கா எழுந்தார். சிரிப்பு நின்றது.

"தம்பி சொல்றது நெசமுங்க. இது நான் பண்ணதுதான். கண்ணு பெரியவருது. தாடை சின்னவருது. இந்தப் பையன அன்னைக்குக் கூட்டியாந்திருந்தா, இவன் மூக்கும் இதுல இருந்திருக்கும். இந்தப் படத்த வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. இது இவங்கப்பன் இல்ல."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்த அண்ணன் தரையைப் பார்த்தார். ஒரு நிமிடம், காடு அந்தப் பையன் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து, மீசை வைத்த படத்தை வாங்கிப்போன அந்த ஆயா எழுந்தது. அதற்கு அதே ஊர் என்று எனக்கு அதுவரை தெரியாது. கோபமெல்லாம் இல்லை. வழி கேட்கிற குரல்.

"அப்பிடின்னா, எங்க ஊட்டுல இருக்கறது யாரு கண்ணு?"

அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் எங்கள் படம் மாட்டியிருந்தது. அத்தனை பேரும் அக்கா முகத்தைப் பார்த்தார்கள். அக்கா ஆயாவைப் பார்த்தார், அந்தப் பையனைப் பார்த்தார், திரும்ப ஆயாவைப் பார்த்தார்.

"உங்க ஊட்டுக்காரருதான் ஆயா. அதுல என்ன சந்தேகம்?"

ஆயா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தது. குச்சி வைத்திருந்த பெரியவர் மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, அது அவருன்னா, இதும் இவங்கப்பந்தான?"

நான் அக்காவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். சொல்லுங்க, சொல்லுங்க என்றேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு, கூட்டத்தைவிட்டு நடந்தார். பையனுக்குக் காட்டில் பங்கில்லை என்று முடிவு சொல்கிற சத்தம் பின்னால் கேட்டது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஒரு தமாசும் வராத வாயால் கேட்டேன், "ஏங்கக்கா?"

"அந்தம்மாளுக்கு அந்த மனுசன உட்டா யாரு இருக்கறா?"

"பையனுக்கு?"

"அவனுக்கு வயசு இருக்குது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்தப் பதிலின் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்தால், அதுவும் இன்னும் தெரியவில்லை.

அந்தப் பையன் ஊரைவிட்டுப் போகிற அன்றைக்குக் கடைக்கு வந்தான். தோளில் ஒரு பை. திருச்செங்கோட்டில் போர்க்கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வேலை கிடைத்திருக்கிறது, வடக்கே போகிறது என்றான். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. எங்கள் மேல் வருத்தம் இருக்கிறதா என்று முகத்தில் தேடினேன். இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, எனக்கும் அப்பன் படம் ஒண்ணு வேணுமுங்க. சின்னதா. பையில வெக்கற மாதிரி."

அக்கா சட்டென்று எழுந்து அவனுக்கு முக்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு சாமி. ஒன்ற மூஞ்சியும் சேத்துப் புதுசாப் பண்ணித் தாரேன். அடுத்த வாரம் போலாம். தம்பி, கேமராவ எடு."

"வேண்டாமுங்க" என்றான் அவன். "அண்ணனுங்க ஊட்டுல இருக்கற அதே படம் போதுங்க."

"அது வேண்டாஞ் சாமி. சொன்னாக் கேளு."

"எனக்கு அவரு மொகம் தெரியாதுங்கக்கா. ஊரே ஒத்துக்கிட்ட படம் அது. அதையே குடுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கரண்டு இருந்தது. மற்ற எல்லா நாளும் போகிற கரண்டு.

சின்ன அளவில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அக்கா வார்னிஷ் ஊதிக் காயவைத்தார். எக்ஸ்ரே பிலிமை வைத்து, என் தையல்களை ஒவ்வொன்றாக மூடினார். அவசரப்படவில்லை, பெரிய படத்துக்குச் செய்த அத்தனையும் அந்தக் கையளவுப் படத்துக்கும் செய்தார். புருவத்தில் மட்டும் ஏர் பிரஷ் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு பழையபடியே ஊதி முடித்துவிட்டார்.

அவன் ஈரம் காயக் காத்திருந்தான். காய்ந்ததும் இரண்டு கையாலும் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். சோளக்காட்டுக்குள் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. அவன் முகம் மலர்ந்தது.

"பெரியண்ணன் எங்கப்பன அப்பிடியே உரிச்சு வெச்சிருக்கறாரு, பாத்தீங்களாக்கா?"